தீவு பாரின் கருத்து அட்டைகள்

பாரில் நிற்பவனுக்குச் சம்பளம் ஊற்றிக் கொடுப்பதற்காக என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அது காது கொடுப்பதற்காக. கடை, வங்கி, ஆஸ்பத்திரி என்று ஏதாவது ஒரு கவுண்டருக்குப் பின்னால் நின்று, சிரித்துச் சிரித்துத் தாடை வலித்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். மற்றவர்கள் நம்மை நம்பித்தான் ஆக வேண்டும்.

நான் நின்றது துபாயில், கடற்கரை ஹோட்டல் ஒன்றின் தரைத்தளத்தில் இருந்த டீக்கி பாரில். டீக்கி பார் என்றால் பசிபிக் தீவுகள் இப்படித்தான் இருக்கும் என்று அமெரிக்கர்கள் தங்கள் ஊரில் உட்கார்ந்தபடியே கற்பனை செய்து கட்டிய மதுக்கூடம். மூங்கில் சுவர், கீற்றுக் கூரை, முழி பிதுங்கிய மரச்சிலைகள், அதே முகத்தில் செய்த பீங்கான் குவளைகள், குவளைக்குள் ரம்மும் பழச்சாறும். ஜன்னல் கிடையாது. இதற்கென்று உலகம் முழுக்க பக்தர்கள் இருக்கிறார்கள். பக்தி இல்லாதவர்களுக்கு அது காகிதக் குடை குத்திய ஜூஸ் கிடைக்கும் இடம். ஊழியர்கள் நாங்கள் அதைத் 'தீவு' என்போம். இரண்டு சாராருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் நானும் சிவநேசன் அண்ணனும்.

வலை

நான் குளச்சல் பக்கத்துக்காரன். கடலுக்குப் போகாமல் பிழைக்க வேண்டும் என்பதற்காகவே நாகர்கோவிலில் கேட்டரிங் படித்து, அங்கே இங்கே அலைந்து, துபாய் வந்தவன். ஹோட்டலில் சேர்ந்த அன்று ஆள் எடுக்கும் அதிகாரி என் பேப்பரைப் பார்த்து, "கடற்கரை ஊரா? அப்படியானால் தீவுக்குப் போ" என்று அனுப்பிவிட்டார். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன். கூரையில் மீன் வலை தொங்கியது. கண்ணாடி மிதவைகள், ஒரு துடுப்பு, நங்கூரம். என் கண் தன்னால் வலையில் கிழிசல் தேடியது. இரண்டு இடத்தில் இருந்தது.

பாரின் தலைமை ஆள் சிவநேசன் அண்ணன். யாழ்ப்பாணத்துக்காரர். ஊரில் ஒரு கல்லூரியில் ரசாயன ஆய்வுகூட உதவியாளராக இருந்தவர். ரம்மை அளப்பதும் அமிலத்தை அளப்பதும் அவருக்கு ஒரே முகம்தான். கிழிசலைப் பார்த்துக்கொண்டு நின்ற என்னைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டுச் சொன்னார்: "வலையிட்ட இருந்து தப்பி பிளேன் ஏறி வந்தனி, இஞ்சயும் உன்னை வலைக்குக் கீழதான் நிப்பாட்டியிருக்கிறாங்கள்."

எந்த ஊர்

இரண்டாயிரத்து ஏழு நவம்பரில் ஹோட்டலுக்குப் புது ஜெனரல் மேனேஜர், அதாவது ஜிஎம், வந்தார். லெபனான்காரர், நல்ல மனிதர், ஆனால் காலி நாற்காலியைக் கண்டால் அவருக்குப் பல்வலி வந்ததுபோல் ஆகிவிடும். மத்தியானம் மூன்று மணி மீட்டிங்கில் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். மார்ச் கடைசிக்குள் தீவு நிரம்பாவிட்டால், மூங்கிலைப் பிடுங்கிவிட்டு வெள்ளை சோபா போட்ட லவுஞ்ச் ஆக்கிவிடுவார். அதற்குப் புது ஆட்கள் வருவார்கள். எங்கள் விசா கேன்சல்.

எனக்கு அது கஷ்டம், அவ்வளவுதான். ஊருக்குப் போய் ஆறு மாதம் ஏச்சு வாங்கிவிட்டு மறுபடி ஏஜெண்டைப் பிடிக்கலாம். அண்ணனின் நிலைமை வேறு. அவருடைய வீடு இருந்த பக்கம் அப்போது சண்டை. மனைவியும் மகளும் வவுனியாவில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு அறையில் இருந்தார்கள். அந்தக் குடித்தனம் ஓடியது இவருடைய சம்பளத்தில். மீட்டிங் முடிந்து வெளியே வந்தபோது, ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "பார்த்துக்கலாம்ணே, மிஞ்சிப்போனா ஊருக்குத்தானே" என்று உளறிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "போகலாம் தம்பி. எந்த ஊருக்கு எண்டு மட்டும் அவரிட்டக் கேட்டுச் சொல்லு" என்றார்.

மேலே பார்ப்பவர்கள்

வாசலில் நுழைபவர் பக்தரா புதியவரா என்று கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு வழி இருந்தது. பக்தர் முதலில் கூரையைப் பார்ப்பார், பிறகு சிலைகளை எண்ணுவார், பிறகுதான் உட்காருவார். புதியவர் நேராக மெனுவிலுள்ள படத்தைப் பார்ப்பார். அதற்குத் தகுந்தபடி அண்ணன் மை டாய் என்ற ஒரே பானத்தை இரண்டு விதமாகக் கலப்பார். பக்தருக்கு ரம், எலுமிச்சை, பாதாம் பாகு, ஆரஞ்சு மது. அதில் அன்னாசியைக் கண்டால் அவர் மனம் உடைந்துபோகும். புதியவருக்கு அன்னாசி, செர்ரி, காகிதக் குடை எல்லாம் வேண்டும். இல்லாவிட்டால் ஏமாற்றிவிட்டோம் என்று நினைப்பார்.

பக்தர்களில் தலைசிறந்தவர் ஹென்க். ஹாலந்துக்காரர். கடலில் மணல் கொட்டித் தீவு உண்டாக்கும் கம்பெனியில் என்ஜினியர். நான்கு வருடமாக, வாரம் மூன்று நாள், மூலையில் அதே ஸ்டூல். குடை குத்திய குவளை பக்கத்து மேஜைக்குப் போனாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். துபாய் முழுக்க வெளிச்சமும் பாட்டுமாக எத்தனையோ இடம் இருக்க, ஏன் இங்கேயே வருகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். குவளையைக் கீழே வைத்துவிட்டு யோசித்துச் சொன்னார்: "பகல் முழுக்க நிஜத் தீவு கட்டுகிறேன். அதில் மணலைத் தவிர ஒன்றுமே கிடையாது."

சிலையின் சொந்தக்காரர்

டிசம்பரில் ரக்பி ஆட வெளிநாட்டு அணிகள் வரும். ஒருநாள் சாயங்காலம் வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து ஒருவர் வந்தார். சமோவாக்காரர். அதாவது, எங்கள் பார் எந்தத் தீவுகளைப் போல நடித்துக்கொண்டிருந்ததோ, அங்கிருந்தே ஒரு ஆள். நானும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வீட்டுக்காரர் வந்து நிற்கும்போது அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டிருப்பதுபோல் எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் கூரையையும் பார்க்கவில்லை, மெனுவையும் பார்க்கவில்லை. ஒரு பீர் கேட்டார்.

ஹென்குக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்டூலோடு நகர்ந்து வந்து, ஒவ்வொரு சிலையையும் காட்டி, இது போருக்கான தெய்வம், இது கடலுக்கானது, இதன் நாக்கு ஏன் இவ்வளவு நீளம் என்று அரை மணி நேரம் வகுப்பெடுத்தார். அந்த ஆள் ரொம்ப மரியாதையாகக் கேட்டார். நடுவில் ஒரு தடவைகூடக் கொட்டாவி விடவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, பெரிய சிலையைக் கீழிருந்து மேல்வரை நிதானமாகப் பார்த்துவிட்டு ஹென்கிடம் சொன்னார்: "எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சர்ச்சுக்குப் போவோம். இவரை நான் அங்கே பார்த்ததே இல்லை."

நாலு குழாய்

பிப்ரவரி கடைசி வியாழக்கிழமை, அல் குசைஸ் தொழிற்பேட்டையில் ஏசி குழாய் செய்யும் கம்பெனியிலிருந்து பன்னிரண்டு பேர் வந்தார்கள். யாரோ வேலையை விட்டுப் போகிறார், அவருக்கு விருந்து. கூட்டி வந்தவர் தனசேகர், அம்பத்தூர்க்காரர், கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. குடிப்பதில்லை, அவருக்கு லைம் ஜூஸ். வந்ததும் மொபைல் டார்ச்சைப் போட்டு மெனுவைப் படித்தார். பிறகு அதே டார்ச்சைச் சிலையின் வாய்க்குள் அடித்துப் பார்த்தார்.

மற்றவர்கள் 'எரிமலை' கேட்டார்கள். பெரிய சட்டி, நடுவில் நெருப்பு, சுற்றி நாலு நீளக் குழாய், நாலு பேர் சேர்ந்து குடிப்பது. வெள்ளைக்காரர்கள் அதைக் கண்டால் கைதட்டுவார்கள். இவர்கள் மேஜையில் சட்டி வந்ததும் எல்லோரும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். ஒருவரும் குழாயைத் தொடவில்லை. கடைசியில் நெருப்பை ஊதி அணைத்து, நாலு டம்ளர் வாங்கி, சமமாக ஊற்றி, உதடு படாமல் அண்ணாந்து குடித்தார்கள். அதன் பிறகு பத்து மணிவரை ஒரே சிரிப்பு. தனசேகர் மட்டும் சிரிக்காமல் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரே சட்டியில நாலு பேர் எச்சில் பண்றதுக்கு, தனித்தனியா குடுத்தா என்ன கொறஞ்சுடும்?"

நான்கு பக்கம்

மார்ச் பிறந்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. மேஜைகளில் விருந்தினர் கருத்து அட்டை வைத்திருப்போம், ஜிஎம் ஒவ்வொன்றையும் படிப்பார். நம்மை நேசிக்கிறவர் எழுதினால் அவர் மனம் மாறாதா? ஹென்கிடம் விஷயத்தைச் சொல்லி, அண்ணனுக்காக நாலு நல்ல வரி எழுதித் தரும்படி கேட்டேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அட்டை போதாது என்று வீட்டுக்குக் கொண்டுபோய், நான்கு பக்கம் டைப் அடித்து, நேராக ஜிஎம்முக்கே அனுப்பிவைத்தார். அண்ணனுக்கும் நம்பிக்கை வந்தது. அந்த வாரம் ஷேவ் செய்யும்போது அவர் ஏதோ பாட்டு முனகியதைக் கேட்டேன்.

மாதக் கடைசியில் ஜிஎம் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டு, ஹென்கின் கடிதத்தை வாய்விட்டுப் படித்தார். "நான்கு வருடமாக வருகிறேன், ஒருநாள்கூட இடமில்லை என்று நின்றதில்லை. பெரும்பாலான நாட்களில் நான் மட்டும்தான். திரு. சிவநேசன் கலக்கும் ஒரே குவளை மூன்று மணி நேரத்துக்குப் போதும், இரண்டாவது தேவைப்படாது. இங்கே யாரும் யாரையும் அவசரப்படுத்துவதில்லை. தயவுசெய்து இந்த இடத்தை விளம்பரம் செய்துவிடாதீர்கள்." இப்படியே நான்கு பக்கம். ஒவ்வொரு வரியும் பாராட்டு, ஒவ்வொரு வரியும் பாரை மூடுவதற்கான காரணம். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு குடும்பத்தின் கூரையை நானே பிரித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஜிஎம் அடுத்து மூன்று அட்டைகளை எடுத்தார். தனசேகர் எழுதியவை. எந்தப் படிவத்தைக் கண்டாலும் முழுசாக நிரப்பாமல் விடமாட்டார் போலிருக்கிறது. முதல் அட்டையில் பதினான்கு குறைகள். வெளிச்சம் போதாது. நான்காம் சிலையின் பல் வாடிக்கையாளரை நோக்கி உள்ளது, திருப்பி வைக்கவும். பொதுச் சட்டியில் குடிப்பது சுகாதாரக் குறைபாடு. குடை விரிகிறது, மடங்கவில்லை. அடியில், "குறைகள் களையப்பட்டனவா என்று வரும் வியாழக்கிழமை நேரில் சரிபார்க்கப்படும். வருவோர்: பதினெட்டு பேர்." இரண்டாவது அட்டையில் பதினாறு குறை, வருவோர் இருபத்திரண்டு. மூன்றாவதில் பத்தொன்பது குறை, வருவோர் முப்பது, இரண்டு மேஜைகளைச் சேர்த்துப் போடவும்.

"வந்தார்களா?" என்றார் ஜிஎம்.

"எல்லா வியாழனும் வந்தாங்க சார். அவங்களைப் பாத்து பக்கத்து கம்பெனிக்காரங்களும் வர்றாங்க."

"நீ எதைத் திருத்தினாய்?"

"அந்தச் சிலையை மட்டும் திருப்பி வெச்சேன் சார். உடனே அடுத்த சிலையோட பல்லை எழுதிட்டாரு."

ஜிஎம் அட்டைகளை அடுக்கி, ஹென்கின் கடிதத்தின் மேல் வைத்தார். "இனிமேல் எதையும் திருத்தாதே. இந்த ஆள் திருப்தி அடைந்துவிட்டால் பாரை மூட வேண்டியதுதான்" என்றார்.

கூட்டம்

ஏப்ரல் இரண்டாவது வியாழன் மத்தியானம் அண்ணனின் பாஸ்போர்ட் திரும்பி வந்தது, மூன்று வருட விசா முத்திரையோடு. பிரேக்கில் ஹோட்டலுக்குப் பின்னால் நின்று வவுனியாவுக்குப் போன் செய்தார். "மூண்டு வருசம்" என்றார். கார்டு தீர்ந்து லைன் கட்டாகும்வரை போனைக் காதில் வைத்தபடியே நின்றார். அவரை அப்படிப் பார்த்தபோது எனக்கும் அழுகை வந்தது, ஐஸ் எடுக்கப் போவதுபோல் உள்ளே வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் ஹென்க் வந்தார். கடிதத்தை அனுப்பிய கையோடு ஐந்து வாரம் லீவில் ஊருக்குப் போயிருந்தவர். உள்ளே முப்பது பேர். அவருடைய மூலை ஸ்டூலில் யாரோ உட்கார்ந்து எரிமலையை டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தார். தனசேகர் டார்ச்சோடு கூரையைச் சோதித்துக்கொண்டிருந்தார். மூங்கில் தூணைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்ற ஹென்க், கவுண்டருக்கு வந்து தாழ்ந்த குரலில், "பாரைக் காப்பாற்றிவிட்டேன், சந்தோஷம்தான். ஆனால் அவ்வளவு புகழ்ந்து எழுதியிருக்கக் கூடாது" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அண்ணன் கவுண்டருக்குக் கீழே என் காலை மிதித்தார். பிறகு இரண்டு கையாலும் ஹென்கின் கையைப் பிடித்து, உங்களால்தான் இருக்கிறோம் என்று ஆங்கிலத்தில் நன்றி சொன்னார். ஸ்டோர் ரூமிலிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து, கவுண்டர் முனையில் போட்டு உட்கார வைத்து, அன்னாசி படாத மை டாயைப் பார்த்துப் பார்த்துக் கலந்து வைத்தார். ஹென்க் முதல் மடக்குக் குடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். பாட்டில்களைத் துடைக்க என் பக்கம் வந்தபோது அண்ணன் சொன்னார்: "உண்மையைச் சொல்லிப்போடாதை தம்பி. எங்களை விரும்புற ஆக்கள் கனபேர் இல்லை."

இத்தனை வருடம் கவுண்டருக்குப் பின்னால் நின்று நான் கண்டது இவ்வளவுதான்: நம்மைப் பிடித்தவர் தனியாக வருவார், பிடிக்காதவர்தான் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார்.