ஆகஸ்டில் ஒட்டிய அறிவிப்பு

பலேர்மோ பல்கலைக்கழகத்தில் எங்கள் பொறியியல் துறையைச் சுத்தம் செய்தவர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். நரைத்த மீசை, சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடி. தினமும் அறிவிப்புப் பலகையின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, அங்கேயே நின்று ஒவ்வொரு தாளையும் கடைசி வரி வரை வாசிப்பார்.

அந்த ஆகஸ்டில் என் ஆராய்ச்சி உதவித்தொகை முடியவிருந்தது. கட்டடமே விடுமுறையில் கிடந்தது.

“தம்பி, ஆய்வுகூடக் கருவியளைப் பாக்கிற வேலைக்கு அறிவித்தல் ஒட்டியிருக்கினம். ஒரு இடம்தான். ஆக்கள் இல்லாத நேரம் பாத்துத்தான் இஞ்சை ஒட்டுவினம். வெள்ளிக்கிழமைக்கு முன்னம் விண்ணப்பத்தைக் குடுங்கோ” என்றார். கொடுத்தேன்.

அக்டோபரில் மதிப்பெண் வரிசைப்படி முடிவை ஒட்டினார்கள். முதலில் என் பெயர். இரண்டாவதாக இருந்ததும் தமிழ்ப் பெயர்தான்.

“இது யாருண்ணே?” பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

“நான்தான். நானும் விண்ணப்பம் போட்டனான்.”

இரண்டு வருடம் பேசியும் அவர் பெயரை நான் கேட்டதில்லை.

“அப்புறம் ஏன் எங்கிட்ட சொன்னீங்க?”

“ஒட்டினது எல்லாரும் வாசிக்கத்தானே, தம்பி.” வாளியைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார்.

அதன்பிறகு நானும் எத்தனையோ அறிவிப்புகளை வாசித்துவிட்டேன். நான் விண்ணப்பித்த எதைப் பற்றியும் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.