சாப்பிட்டாயா என்று கேட்கப் பழகியவள்

சீருடை தைக்கும் ஆலையில் அவளுக்குக் காலர் வைக்கும் வேலை. அதனால் எல்லோருக்கும் அவள் காலரக்கா. சொந்தம் என்று சொல்லிக்கொள்ள, கடல் கடந்துபோய் ஸ்பானிஷ் பேசுகிறவனைக் கட்டிக்கொண்ட தங்கை ஒருத்திதான். அந்தத் தங்கையும் புருஷனும் போன பேருந்து மலைச்சரிவில் உருண்டது. வீட்டில் விட்டுப்போன பெண்பிள்ளை மட்டும் மிஞ்சியது. அதைக் காலரக்காவிடம் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

பிள்ளைக்கு ஸ்பானிஷ் தவிர எதுவும் தெரியாது. வாயும் திறக்கவில்லை, தட்டையும் தொடவில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் காலரக்கா செல்போனில் ஸ்பானிஷ் பாடம் கேட்டாள். முதலில் பிடித்துக்கொண்டது சாப்பிடுவதைத்தான். கோமோ, சாப்பிடுகிறேன். கோமெஸ், சாப்பிடுகிறாய். கோமே, சாப்பிடுகிறாள். முடிந்துபோனதென்றால் கோமி, கோமிஸ்தே, கோமியோ.

"நாக்குக்கு எலும்பில்லைன்னு சொன்னவன் இதைப் படிச்சிருக்க மாட்டான்" என்றாள் பக்கத்து மெஷின்காரியிடம். "ஆம்பளை சாப்பிட்டாலும் கோமியோ, பொம்பளை சாப்பிட்டாலும் கோமியோ."

"அப்ப யாரு சாப்பிட்டதுன்னு எப்படித் தெரியும்?"

"அது அவங்களுக்கே வெளிச்சம்."

ஒரு நாள் காலையில் ரொட்டித் தட்டை நகர்த்தி வைத்து, "கோமி?" என்றாள். சாப்பிட்டாயா என்பதற்குப் பதில், சாப்பிட்டேனா என்று கேட்டுவிட்டாள்.

பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. "கோமிஸ்தே" என்று மெல்லத் திருத்தியது. பாதி ரொட்டியைத் தின்றது. பிறகு கேட்டது: "மமா கோமே?"

அம்மா சாப்பிடுகிறாளா. பிள்ளையிடம் யாருமே எதுவும் சொல்லவில்லை என்பது காலரக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

சாவுக்கு அந்த மொழியில் என்ன சொல் என்று அவளுக்குத் தெரியாது. முன்பெல்லாம் வழக்கமாகச் செய்துவந்ததைச் சொல்ல இன்னொரு இறந்தகாலம் பாடத்தில் வந்திருந்தது. "மமா கோமீயா" என்றாள். அம்மா அப்போதெல்லாம் சாப்பிடுவாள். "மமா நோ கோமே."

பிள்ளை கேட்டது: "பப்பா?"

காலரக்கா இல்லையென்று தலையசைத்தாள்.

பிள்ளை மேசைக்கடியில் போய்ச் சுருண்டுகொண்டது. அவள் வேலைக்குப் போகாமல் பக்கத்தில் தரையிலேயே கிடந்தாள். கையை நீட்டினால் தட்டிவிட்டது. அன்று சாயங்காலமே காய்ச்சல் கண்டு, பிழைக்குமா என்று பயப்படும் அளவுக்குப் போய்த் திரும்பியது.

பள்ளியில் சேர்ந்தபின் பிள்ளை இங்கத்திப் பேச்சைக் கற்றுக்கொண்டது. ஒரு நாள் காலரக்கா ஆசையாக ஸ்பானிஷில் ஏதோ கேட்டபோது, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னது:

"பெரியம்மா, இனிமே அந்தப் பாஷையில எங்கிட்டப் பேசாதீங்க. அதுலதான் அம்மா சாப்பிட மாட்டாங்கன்னு சொன்னீங்க."

காலரக்கா அதற்குப் பிறகு அந்தப் பாஷையில் பேசவில்லை.