ஏழு பலாமரங்களும் என் மேசையும்

பலாமரம் வெட்ட அனுமதி வழங்கும் மேசையில் அமர்ந்தவருக்கு நண்பர்கள் மிகுவதில்லை. உறவினர்களோ எங்கிருந்தெல்லாமோ வந்து சேர்வார்கள். நம் நாட்டில் பலா சொந்தக் காணியில் நின்றாலும் அரசாங்க அனுமதியின்றி அதன்மேல் கோடரி வைக்கக்கூடாது. அரிசி கிடைக்காத காலத்தில் சோறாகும் மரம் என்பதால் சட்டம் அதற்கு அப்படியொரு காவல் வைத்திருக்கிறது. அரசாங்கக் கந்தோரின் நீண்ட வாங்கில் அமர்ந்து காத்திருந்து இடுப்பு வலித்தவர்களும், மேசைக்கு இந்தப் பக்கம் அமர்ந்து “நான் மேலிடத்துக்கு வேண்டியவன்” என்ற வசனத்தைக் கேட்டுக் காது புளித்தவர்களும் நான் எழுதுவதை விளக்கமின்றியே புரிந்துகொள்வீர்கள்.

அறுபதுகளின் இறுதியிலிருந்து எண்பதுகள் வரை மலைநாட்டுக் கந்தோர்களில் எழுதுவினைஞராக இருந்தேன். தமிழையும் சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் பிழையற எழுதுவேன் என்பதால், விண்ணப்பத்தைப் படிப்பதும், மேலதிகாரியோடு சென்று மரத்தைப் பார்ப்பதும், அறிக்கை எழுதுவதும் என் தலையிலேயே விழுந்தன. நூற்றுக்கணக்கான மரங்கள் என் மேசையைக் கடந்து போயின. இங்கே நான் சொல்வது பொல்பிட்டியப் பக்கத்து ஏழு பலாக்களைப் பற்றி மட்டுமே.

காய்க்காத மரங்கள்

தேயிலைத் தோட்டங்கள் அரசுடைமையானபோது பழைய உரிமையாளர் ஒருவர் தம் பங்காக வைத்துக்கொண்ட துண்டு நிலம் அது. பிற்காலத்தில் அதை அட்டனில் கடை வைத்திருந்த இராஜமாணிக்கம் முதலாளி வாங்கினார். ஆற்றைப் பார்த்தபடி விடுமுறை வீடுகள் கட்டிக் கொழும்பாருக்கு விற்பது அவருடைய திட்டம். நிலத்தின் முகப்பில் ஏழு பலாக்களும், அவற்றுக்குப் பின்னால் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த ஒரு லயமும் இருந்தன. பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பிய ஆண்டுகளில் அந்த லயத்தார் உயிர் பிழைத்தது அந்த மரங்களால்தான். நிலைமை சீரான பின்பும், மாதக் கடைசியில் அவர்கள் அடுப்பில் ஏறியது பலாக்காயே. மரம் போனால் அந்தப் பானை வெறும் பானை. இது எனக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும்.

“முதிர்ந்து காய்ப்பு நின்றுபோன மரங்கள்” என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தார். போய்ப் பார்த்தோம். காய்ப்புக் காலம், ஆனால் ஏழு மரங்களிலும் ஒரு பிஞ்சுகூட இல்லை. என் மேலதிகாரி மென்மையான சிங்களப் பெருமகன். பிறர் எழுதியதை நம்புவதே மரியாதை என்று கருதுபவர். அவர் கையெழுத்திடப் பேனாவைத் திறந்துவிட்டார். நான் என் குடையின் நுனியால் ஓர் அடிமரத்தைத் தொட்டேன். வெள்ளைப் பால் நூலாக இழுபட்டது. தொட்ட இடமெல்லாம் அறுபட்ட காம்புகள், அவற்றில் வடிந்த பால், அந்தப் பாலில் ஒட்டிச் செத்த ஈக்கள்.

மலையிலிருந்து இறங்கிவந்த பாக்கியம் என்ற கொழுந்து பறிக்கும் பெண், கூடைக் கயிற்றை நெற்றியிலிருந்து இறக்காமலே எங்கள் அருகில் நின்றாள். அந்த லயத்தின் வாய் அவள்தான் என்பதைப் பிறகு அறிந்தேன். மேலதிகாரியை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்: “மரம் ஒண்ணும் மலடில்லங்க மிஸ். நேத்துதான் ஆள விட்டு அத்தனையையும் கருக்கலைச்சாங்க.”

ரசத்தின் வாசனை

விண்ணப்பத்தை நிராகரித்தோம். சில வாரங்களில் அடுத்த விண்ணப்பம் வந்தது. சாலையோரத்து மரம் நோயுற்று இலை உதிர்ப்பதாகவும், சரிந்தால் பஸ்ஸில் போவோரின் உயிருக்கு ஆபத்து என்றும், பொதுமக்கள்பால் மிகுந்த அக்கறையோடு எழுதப்பட்டிருந்தது. இலை உதிர்ந்தது மெய்தான். ஆனால் மரத்தை நெருங்கியதும் எனக்குப் பசித்தது. அத்தனை அருமையான ரச வாசனை. வேருக்குச் சற்று மேலே துளையிட்டு, உள்ளே பெருங்காயத்தைத் திணித்து, களிமண்ணால் பூசி, அதன்மேல் பாசியை ஒட்டியிருந்தார்கள்.

பெருங்காயத்தால் பலா சாகும் என்பது ஊரார் நம்பிக்கை. அதன் உண்மையை நான் அறியேன். துளையிட்டவரின் நோக்கத்தை அறிய அந்த மணம் எனக்குப் போதுமானதாக இருந்தது. குடைந்து கழுவச் செய்தோம். ஒரு பக்கக் கிளைகள் பட்டன; மறுபக்கம் பிழைத்தது. அந்த வாரம், எங்கள் கந்தோர் இருந்த கினிகத்தேனைக் கடைவீதியில் பருப்பு வாங்கப் போனபோது, கடைக்கார ஹனிபா நானா பொட்டலத்தைக் கட்டியபடியே என்னிடம் விசாரித்தார்: “அந்தப் பலாமரத்து முதலாளி சுகமா மிஸ்? கடையில இருந்த பெருங்காயம் பூராவும் அள்ளிட்டுப் போனாரு. என்னத்துக்குன்னு கேட்டா வயித்துப் பொருமலாம். அவ்வளவு பொருமினா மனுசன் இந்நேரம் பறந்துல்ல போயிருக்கணும்!”

புதிய சாமி

மூன்றாம் முறை முதலாளி விண்ணப்பம் எதுவும் எழுதவில்லை. கண்டிப் பக்கத்திலிருந்து மரம் அறுப்போர் நால்வரை அழைத்துவந்தார். வந்தவர்கள் முதல் மரத்தடியில் மஞ்சள் பூசிய கல்லொன்றையும், அதன்மேல் செம்பருத்தியையும், பக்கத்தில் எரிந்துகொண்டிருந்த சூடத்தையும் கண்டு, வாளைத் தோளிலிருந்து இறக்காமலே திரும்பிவிட்டார்கள். கல்லை அகற்ற உத்தரவிடும்படி முதலாளி எங்கள் கந்தோருக்கு ஒரு புகார் எழுதினார். சட்டவிரோதமாக மரம் அறுக்கப்போன இடத்தில் தமக்கு இடையூறு நேர்ந்ததாகக் கையொப்பமிட்டுத் தந்த ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். அதைப் பத்திரமாகக் கோப்பில் இட்டேன்.

நான் புரட்டஸ்தாந்து சபையில் வளர்ந்தவள். கல்லைக் கல்லென்று சொல்லியே பழகியவள். அறிக்கையிலும் “மரத்தடியில் கல் ஒன்று” என்று எழுதினேனே தவிர அதற்கு மேல் எழுதவில்லை. ஆயினும், சென்ற மாதம் வரை அங்கே எதுவும் இல்லையே என்று பாக்கியத்திடம் கேட்டேன். அவள் சற்றும் தயங்கவில்லை. “கவ்வாத்து வெட்டுற மலைக்கு ஒரு சாமி இருக்கு, பெக்டரியில சுத்துற ரோதைக்கு ஒரு சாமி இருக்கு. பலாவுக்குத்தான் ஆளில்லாம இருந்துச்சு. லயத்துல எல்லாரும் கூடிப் பேசி வெள்ளிக்கெழமதாங்க பதிஞ்சோம்.”

பெரிய வெள்ளி

கந்தோர் மூடியிருக்கும் நாளைத் தேர்ந்தெடுப்பது இந்தத் தொழிலில் உள்ளவர்களின் பழைய வழக்கம். பெரிய வெள்ளியன்று நான் ஆராதனையில் இருந்தேன். ஆலய வாசலில் பாக்கியம், செருப்பில்லாத கால்களோடு, உள்ளே வராமல் நின்றதைக் கண்டேன். மூன்று மணி நேர ஆராதனையின் பாதியில் நான் எழுந்து போனது என் வாழ்நாளில் அந்த ஒருமுறைதான். போய்ச் சேர்ந்தபோது, சாமிக்கும் சட்டத்துக்கும் அஞ்சாத மெஷின் வாளொன்று மூன்று மரங்களைச் சாய்த்திருந்தது. வெட்டுண்ட அடிகளிலிருந்து பால் கசிந்துகொண்டிருந்தது. மற்ற நான்கு மரங்களையும் சுற்றி லயத்துப் பெண்கள் முதுகை மரத்தோடு ஒட்டி நின்றார்கள்.

நான் குரலை உயர்த்துபவள் அல்லேன், அன்றும் உயர்த்தவில்லை. வேலையை நிறுத்தும்படி சொன்னேன். முதலாளி சிரித்தார். “இன்னைக்கு ஒப்பீஸ் லீவு மிஸ். மேசையும் இல்ல, சீலும் இல்ல. இந்த எடத்துல நீங்க வெறும் பொம்பள.” அவர் சொன்னதில் சட்டப்பிழை எதுவும் இல்லை, அதுவே எனக்கு எரிச்சலூட்டியது. அப்போது மரத்தோடு சாய்ந்து நின்ற பாக்கியம் வாள்காரனைப் பார்த்துப் பேசினாள். “நாங்களும் வெறும் பொம்பளைங்கதாண்ணே. ஒவ்வொருத்தியா அறுத்துட்டு அப்புறம் மரத்துக்கு வாங்க.” அவன் இயந்திரத்தை அணைத்து, முதலாளியிடம் சொன்னான்: “எனக்கு வீட்டுல பொம்பளப் புள்ளைங்க இருக்கு, மொதலாளி. வேற ஆளப் பாருங்க.”

திங்கட்கிழமைக் கடிதம்

வழக்குத் தொடர ஆயத்தமானோம். அப்போதுதான் முதலாளி தம் சட்டைப் பையிலிருந்து பழுப்பேறிய கடிதம் ஒன்றை எடுத்து மேலதிகாரியின் முன் வைத்தார். அறுபதுகளின் இறுதியில் எங்கள் கந்தோரே பழைய உரிமையாளருக்கு வழங்கியதாம்: ஏழு மரங்களையும் வெட்டலாம் என்ற அனுமதி. காலஞ்சென்ற அதிகாரியின் கையொப்பம், எங்கள் வட்ட முத்திரை, எல்லாம் இருந்தன. அந்நாளில் காலக்கெடு எழுதும் வழக்கம் இருக்கவில்லை. கடிதம் மெய்யானால் வெட்டிய மூன்றும் குற்றமில்லை. நின்ற நான்கும் மறுநாளே விழும். மேலதிகாரி சோர்ந்துபோனார். முதலாளி என் மேசைக்கு வந்து, தொலைதூர மொனராகலையில் என்னைப் போன்ற கெட்டிக்கார எழுதுவினைஞருக்குத் தட்டுப்பாடு என்று அன்போடு தெரிவித்தார்.

கடிதத்தில் திங்கட்கிழமை என்று கண்டதும் எனக்கு ஒன்று உறைத்தது. இளையோர் அறியமாட்டீர்கள்: அந்தச் சில ஆண்டுகளில் நம் நாட்டில் ஞாயிறு விடுமுறை இல்லை. நிலவின் கணக்கில் வரும் போய தினங்களே வாராந்த விடுமுறை. அவை திங்களிலும் விழும், வியாழனிலும் விழும். ஞாயிறுதோறும் ஆலய மணி ஒலிக்க ஒலிக்க நான் கந்தோருக்கு நடந்த ஆண்டுகள் அவை, எப்படி மறப்பேன்? பழைய கலண்டரைப் பார்த்து, சனியும் ஞாயிறும் அல்லாத நாளாகக் கவனமாய்த் தேர்ந்தெடுத்தவர் அதை மறந்துவிட்டார். களஞ்சிய அறையிலிருந்து ஊழியர்கள் நாள்தோறும் கையொப்பமிடும், அந்த ஆண்டின் வரவு இடாப்பை எடுத்துவரச் செய்தேன். அந்தத் திங்களில் ஒரு கையொப்பமும் இல்லை. குறுக்கே சிவப்புக் கோடு, அதன்மேல் “போய”.

இடாப்பைத் தூக்கிவந்த பியோன் குணபால அந்தக் காலத்திலும் அதே கந்தோரின் பியோன்தான். கோட்டைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், பிறகு தமக்குத் தெரிந்த தமிழில் மேலதிகாரிக்கும் முதலாளிக்கும் பொதுவாகக் கேட்டார்: “போய நாள்ல நான் பன்சலையில புத்தர் கும்பிடுறது. ஒப்பீஸ் சாவி என் இடுப்புல. அப்போ உள்ளே போய் சீல் அடிச்சது யாரு, முதலாளி?”

இடமாற்றம்

நீதிமன்றத்தில் முதலாளி குற்றத்தை ஒப்புக்கொண்டார். வெட்டிய மரம் அரசுடைமையாயிற்று. முகப்பில் நான்கு பலாக்கள் நிற்க அங்கே வீடு கட்டி விற்க முடியாதென்று கண்டு, நிலத்தைத் தோட்டத்துக்கே கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய வாக்கும் பாதி பலித்தது: சில மாதங்களில் எனக்கு மாற்றல் கடிதம் வந்தது, மொனராகலைக்கு அல்ல, நுவரெலியாவுக்கு. அந்தக் குளிரில் பலா காய்ப்பதில்லை. விடுதி கட்டுவதற்காகக் காட்டு மரங்களை மொட்டையடிப்போர் மட்டும் நன்றாகவே விளைந்தார்கள். அங்கும் எனக்கு வேலை இருந்தது.

கினிகத்தேனையில் என் கடைசி நாளன்று பாக்கியமும் மூன்று பெண்களும் கந்தோருக்கு வந்தார்கள். வாழையிலை போட்டு மூடிய சட்டியில் அவித்த பலாக்காயும் துருவிய தேங்காயும் இருந்தன. விண்ணப்பதாரரிடமோ சாட்சிகளிடமோ ஒரு வெற்றிலையும் வாங்குவதில்லை என்பது என் ஒழுங்கு. அதை அவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். பாக்கியம் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சட்டியை என் மேசையின்மேல், காலியாகிவிட்ட கோப்புத் தட்டில் வைத்தாள். “இது நாளையிலருந்து வேற ஆளு மேசைதானே மிஸ்? அவரு வந்து வேணாம்னு சொல்லட்டும். நீங்க ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடுங்க.”

அத்தனை ஆண்டுப் பணியில் மரங்களைக் கொல்லும் நோய்கள் பற்றி எண்ணற்ற அறிக்கைகளைப் படித்திருக்கிறேன். நான் நேரில் கண்ட ஒரே கொடிய மரநோய், மரம் நின்ற நிலத்துக்கு நல்ல விலை வருவதுதான்.