தேதி பார்த்து வாங்கிய டப்பா

என் அம்மா மரக்காணத்தில் உப்பு பாக்கெட் போடும் கொட்டகையில் வேலை செய்கிறாள். பாக்கெட்டில் தேதி சரியாக விழாவிட்டாலோ எடை குறைந்தாலோ அங்கே திட்டு விழும். அதனால் கடையில் எதை வாங்கினாலும் அந்த இரண்டையும் பார்க்காமல் பையில் போட மாட்டாள். தேதி தாண்டிய பிஸ்கட்டுக்காகக் கடைக்காரரை உண்டு இல்லை என்று ஆக்கியிருக்கிறாள். லேபிள் படிக்காதவள் என்று யாரும் அவளைச் சொல்லிவிட முடியாது.

என் தங்கை வளர்ந்ததே அப்படிப் பார்த்து வாங்கிய சத்துப் பவுடர் டப்பாக்களில்தான். காலையும் மாலையும் அம்மா அதைப் பாலில் கலந்து, மேலே ஒரு கரண்டி சர்க்கரையும் போடுவாள். பன்னிரண்டு வயதில் என் சுடிதாரே தங்கைக்குப் பத்தவில்லை. எலும்பும் தோலுமாக உப்பளத்துக்குப் போய்வரும் எங்கள் தெருவில் அம்மாவுக்கு அது பெருமை. "உப்பளத்துக்காரி பொண்ணு மாதிரியா இருக்குது? மொதலாளி வூட்டுப் பொண்ணு மாதிரி இல்ல?" என்பாள். பள்ளியில் வைத்த பட்டப்பெயரைத் தங்கை வீட்டில் சொன்னதே இல்லை.

போன கோடையில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். வெயில் என்று விட்டுவிட்டோம். வகுப்பில் மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. சர்க்கரை நோய் என்றார்கள். என்ன கொடுக்கிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டதற்கு, அம்மா மறுநாள் டப்பாவையே கொண்டுபோய் நீட்டினாள்.

"புதுசுதாங்க. தேதியப் பாருங்க."

டாக்டரம்மா டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தின் மேல் விரலை வைத்தார். "இதுல பாதி சர்க்கரைதாம்மா."

அம்மா டப்பாவை வாங்கி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அந்த எழுத்தை அவ்வளவு பொடியாகப் போட்டவன் கையில் கிடைத்தால் அறைந்திருப்பேன்.

மாத்திரை, ஊசி, அளந்து போட்ட சோறு என்று தங்கை இளைத்தாள். பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் நின்று கேட்டாள்: "என்னக்கா, புள்ள இப்படி வத்திப்போச்சு? சோறு போடறியா இல்லியா?" அன்று அம்மா சாப்பிடவில்லை.

மறுநாள் வேலை விட்டு வரும்போது ஒரு புது டப்பாவோடு வந்தாள். முன்பக்கம் 'வெள்ளைச் சர்க்கரை அறவே இல்லை' என்று பெரிதாகப் போட்டிருந்தது. "இந்தத் தடவ படிச்சுப் பாத்துதான் வாங்குனேன்" என்று கலக்கி, தங்கையிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

தங்கை டப்பாவைத் திருப்பிப் படித்தாள். பின்பக்கம், முதல் வரியிலேயே வெல்லம். நான் டம்ளரைப் பிடுங்கப் போனேன். தள்ளிப் போய் நின்று, மடமடவென்று முழுவதையும் குடித்தாள்.

"அறிவிருக்குதாடி உனக்கு?"

"மெதுவா பேசு. நான் குடிக்கலன்னா அம்மா இன்னிக்கும் சாப்பிடாதுக்கா."