ஆறுதலா, சுழியனா?

கணவாய்க் கறி கொதிக்கும் மணம் வந்தால் எனக்கு இன்றைக்கும் அமெரிக்கக் கால்பந்துதான் நினைவுக்கு வருகிறது. எண்பதுகளின் நடுவில், லண்டன் நோர்பரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், ஞாயிறு பின்னேரங்களில் அம்மா கணவாயை அடுப்பில் விட்டுவிட்டுப் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருப்பா. நாங்கள் "ஹோல்" என்று மரியாதையாகச் சொன்ன சின்ன முன்னறையில், ஹீட்டருக்கு முன்னால், அப்பாவும் சித்தப்பாவும் ஒரே சோபாவின் இரண்டு முனைகளில் உட்கார்ந்து, தலைக்கவசம் போட்ட தடியர்கள் ஒருவரையொருவர் முட்டி விழுத்துவதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்த இருவருக்கும் இந்த விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள்.

சம்பந்தமே இல்லை என்பதுதான் காரணம். அப்பா பள்ளிக்கூடக் காலத்தில் கிரிக்கெட் ஆடியவர், அதுவும் தொடக்க ஆட்டக்காரர். ஆனால் ஒரு கோடையில் இலங்கை அணி இங்கே விளையாட வந்தபோது, நல்ல அடி ஒன்றுக்கு அப்பா தன்னை மறந்து கை தட்டிவிட்டார். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்த சித்தப்பாவுக்கு அந்தக் கைதட்டல் பொறுக்கவில்லை. விளையாட்டு வேறு, அரசியல் வேறு என்றார் அப்பா. கடை எரிந்த தெருவில் நின்று அதைச் சொல்லிப் பாருங்கோ என்றார் சித்தப்பா. அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு அப்டன் பார்க்கில் ஒரு கூட்டாளியின் அறைக்குப் போய்விட்டார். அம்மா பேருந்து மாறி மாறிப் போய் அவரைக் கூட்டிவந்த கையோடு, இனி இந்த வீட்டில் கிரிக்கெட் என்ற பேச்சே கூடாது என்று சட்டம் போட்டா.

அப்படித்தான் வேறு விளையாட்டைத் தேட வேண்டி வந்தது. யாருடைய ஊரும் இல்லாத, யாருடைய கொடியும் பறக்காத, எங்கள் சனத்தில் ஒருவரும் விளையாடாத விளையாட்டு ஒன்று ஞாயிறு மாலைகளில் தொலைக்காட்சியில் வந்தது. போன கிழமை அமெரிக்காவில் நடந்தது இந்தக் கிழமைதான் எங்களுக்கு வரும். ஊர்ச் செய்தியே கிழமைக்கணக்கில் பிந்தி வந்த காலம் என்பதால் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

தெரியாதவர்களுக்கு ஒரு சொல். அந்த விளையாட்டில் ஒவ்வோர் அணியிலும் பந்தை எறிகிற ஒருவர் இருப்பார். "குவாட்டர்பேக்" என்பார்கள். எதிரணி முழுவதும் அவரைப் பிடித்து நிலத்தில் சாய்க்க ஓடிவரும். அதற்குள் அவர் நிதானமாக நின்று, தூரத்தில் ஓடுகிற தன் ஆளைக் கண்டுபிடித்து, அவன் கைக்குப் பந்தை அனுப்ப வேண்டும். மிச்ச விதிகள் எங்களுக்கு அரைகுறையாகத்தான் விளங்கின. இந்த ஒரு மனிதர் விளங்கினார், அது போதுமாக இருந்தது.

எங்கள் ஊரில் பட்டப்பெயர் இல்லாத ஆள் கிடையாது. அந்தப் பழக்கத்தை அப்பாவும் சித்தப்பாவும் விமானத்தில் கூடவே கொண்டுவந்திருந்தார்கள். வாயில் நுழையாத அமெரிக்கப் பெயர்களைத் தூக்கி எறிந்துவிட்டு, அப்பா தன் ஆளுக்கு "ஆறுதல்" என்று பெயர் வைத்தார். எங்கள் பேச்சில் அவசரப்படாதவனைத்தான் அப்படிச் சொல்வோம். தோற்கிற நிலையிலிருந்து கடைசி நேரத்தில் அணியைக் கரைசேர்க்கிறவர் அவர், கிண்ணங்கள் பல வென்றவர். சித்தப்பாவின் ஆள் "சுழியன்", ஊரில் துடியான பயலுக்கு வைக்கிற பெயர். கண் இமைக்குமுன் எறிந்துவிடுகிற கெட்டிக்காரன், எறிதலில் ஒருவரும் கிட்ட நிற்க முடியாதவன், ஆனால் பெரிய கிண்ணம் மட்டும் அவன் கைக்கு வந்ததேயில்லை.

உலகம் கண்ட குவாட்டர்பேக்குகளில் பெரியவர் ஆறுதலா, சுழியனா? ஊர்க்கோயில் திருவிழாப் பட்டிமன்றத்தில் வளர்ந்த இருவரும் இதை வெறும் வாக்குவாதமாக விடுவார்களா? அணிகள் பிரிந்தன. நடுவர் வேண்டும் என்றார்கள். வீட்டில் மிஞ்சியிருந்த ஆள் பத்து வயதுக்காரியான நான்தான். சாமித்தட்டிலிருந்து பூசை மணியை எடுத்து எனக்கு முன்னால் வைத்தார்கள். சாமி மணியை இறைச்சி மணக்கிற அறைக்குக் கொண்டுபோகிறீர்களே என்று அம்மா சத்தம் போட்டா. கணவாய் கடலில் பிடிக்கிறது, அது இறைச்சியில் சேராது என்று சித்தப்பா வாதாடி வென்றார். நான் மணி அடித்தால் பேச்சு நிற்க வேண்டும், பிறகு சாப்பாடு. இதுதான் எங்கள் மன்றத்தின் விதி.

அப்பா எழுந்து நின்றுதான் பேசுவார். நடுவர் அவர்களே என்று என்னை விளித்து, ஒவ்வொரு கிழமையும் ஒரே வசனத்தில்தான் முடிப்பார்: "கடைசி நிமிசத்திலை ஆருக்குக் கை நடுங்கேல்லையோ, அவன்தான் பெரியவன்." சித்தப்பா உட்கார்ந்தபடியே, ஏதோ பாவப்பட்டுப் பதில் சொல்வதுபோலச் சொல்வார்: "பந்து அவன்ரை கையை விட்டுப் போறதை ஒருக்காப் பாருங்கோ. எனக்கு அது போதும்." நான் கன்னத்தில் கை வைத்து, பெரிய மனுசியாட்டம் யோசித்து, "தீர்ப்பு அடுத்த கிழமைக்கு ஒத்திவைக்கப்படுகிறது" என்று மணியை அடிப்பேன். இரண்டு பேரும் என்னைத் திட்டிக்கொண்டே சாப்பிடப் போவார்கள்.

ஒத்திவைப்பதற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது, அதை யாருக்கும் சொன்னதில்லை. தீர்ப்புச் சொன்னால் ஒருவர் தோற்பார். தோற்றவர் பையை எடுப்பார் என்று பயந்தேன். சித்தப்பா வீட்டில் இல்லாத அந்தக் கிழமை எனக்கு நன்றாக நினைவிருந்தது. அப்பா "ஷிப்ட்" முடிந்து வந்து, யாரோடும் பேசாமல் சோபாவின் தன் முனையிலேயே இருந்த கிழமை அது. எனக்குக் கணக்குச் சொல்லித்தர ஆளில்லை, சிரிக்க வைக்கவும் ஆளில்லை. சித்தப்பாவை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

பயந்தது ஒரு பனிக்கால ஞாயிறன்று நடந்தது. சுழியன் மறுபடியும் முக்கியமான ஆட்டத்தில் தோற்றிருந்தான். அப்பா பெற்றோல் நிலையத்தில் இரட்டை "ஷிப்ட்" முடித்து வந்த களைப்பில் இருந்தார். வழக்கமான வசனத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"என்னதான் கெட்டிக்காரன் எண்டாலும், ஒண்டையும் வெல்லாதவனைப் பெரியவன் எண்டு சொல்ல ஏலாது, தம்பி."

சித்தப்பா ஊரில் கணக்கில் புலி. தமிழ்ப் பிள்ளைகளுக்கு வெட்டுப்புள்ளியைக் கூட்டிய காலத்தில், நல்ல புள்ளி எடுத்தும் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காமல் போனவர். இங்கே வந்து ஓர் உணவகத்தின் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அப்பா பந்தைப் பற்றித்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சொல் போய் விழுந்த இடம் அது இல்லை. சித்தப்பா எழுந்து, கதவுக்குப் பின்னால் தொங்கிய "கோட்"டை எடுத்துப் போட்டார். குசினியில் அகப்பைச் சத்தம் நின்றது. அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. என்ன சொன்னோம் என்று அவருக்கு விளங்கிவிட்டது, ஆனால் மன்னிப்புக் கேட்கத் தெரிந்த தலைமுறை இல்லை அது.

சித்தப்பா பொத்தானைப் பூட்டியபடி என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, இண்டைக்குத் தீர்ப்பைச் சொல்லிப்போடு. நான் கேட்டிட்டுப் போறன்."

எனக்கு அழுகை வந்தது. அழுதால் நடுவர் இல்லை என்று அடக்கிக்கொண்டு, வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ரெண்டு பேரும் இன்னும் விளையாடிக்கொண்டுதானே இருக்கினம். விளையாட்டை விடாத ஆளுக்குத் தீர்ப்புச் சொல்ல ஏலாது. அவை ஓய்வு எடுக்கட்டும், பிறகு சொல்றன்."

சொல்லிவிட்டு மணியை அடித்தேன், தேவைக்கு மேலேயே அடித்தேன். பிறகு அப்பாதான் எழுந்துபோய் சித்தப்பாவின் தோளிலிருந்து அந்தக் "கோட்"டைக் கழற்றி மறுபடி கதவுக்குப் பின்னால் மாட்டினார். அம்மா உள்ளேயிருந்து, புட்டு ஆறுது, வந்து இருங்கோ என்றா. அன்றைக்குக் கறியில் இருந்த பெரிய துண்டுகளை அப்பா பொறுக்கிப் பொறுக்கிச் சித்தப்பாவின் தட்டில் வைத்ததை நான் பார்த்தேன். எனக்கு அவ்வளவு சந்தோசமாக இருந்தது, சாப்பிடவே முடியவில்லை.

அதன் பிறகு சித்தப்பா மாலை வகுப்பில் படித்து, கணக்காளராகி, கலியாணம் செய்து ரெய்னர்ஸ் லேனுக்குக் குடிபோனார். பையை எடுத்துக்கொண்டுதான் போனார், ஆனால் அந்தப் பையை அப்பாதான் தூக்கிக்கொண்டு ரயில் நிலையம்வரை போனார். ஞாயிறு வருகை மட்டும் நிற்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஆறுதல் ஓய்வு பெற்றார். சில வருடங்களில் சுழியனும் விளையாட்டை விட்டான். இனியாவது சொல்லு என்று இரண்டு பேரும் சேர்ந்து நெருக்கினார்கள். நான் அப்போது சட்டம் படித்துமுடித்து வழக்கறிஞர் பயிற்சியில் இருந்தேன். நடுவருக்குப் புதிய சான்றுகள் கிடைத்துள்ளன என்று சொல்லி மறுபடியும் ஒத்திவைத்தேன்.

அந்த ஞாயிற்று நிகழ்ச்சி இப்போது இல்லை. "ஹோல்" இருந்த வீட்டை உடைத்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். எந்தக் கேள்விக்கும் என் மகன் கைப்பேசியைத் தட்டி உடனே பதில் சொல்லிவிடுகிறான். உங்கள் ஆட்கள் இரண்டு பேரையும் விடப் பெரியவர் வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது என்று எங்களைக் கேலி செய்கிறான். அப்பா போன வருடம் காலமானார்.

சாவுத் துடக்கெல்லாம் கழிந்து ஒரு ஞாயிறு சித்தப்பா என் வீட்டுக்கு வந்தார். கணவாய்க் கறி வைத்திருந்தேன். சோபாவில் வழக்கமான தன் முனையில் உட்காராமல், அப்பா வழக்கமாக இருக்கும் முனைக்குப் போய் நின்றார். நின்றபடியே, நடுவர் அவர்களே என்று தொடங்கி, ஆறுதலுக்காக வாதாட ஆரம்பித்தார். அவன் வென்ற கிண்ணங்கள், அவன் கரைசேர்த்த ஆட்டங்கள், அப்பா சொன்ன எல்லாவற்றையும் அப்பாவின் ஒழுங்கிலேயே சொன்னார்.

"கடைசி நிமிசத்திலை ஆருக்குக் கை நடுங்கேல்லையோ, அவன்தான் பெரியவன்."

மருத்துவமனையில் அப்பாவின் கையைக் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தவர் அவர்தான்.

மன்றத்தில் எதிரணி காலியாக இருந்தது. நான் போய்ச் சித்தப்பாவின் முனையில் உட்கார்ந்தேன்.

"பந்து அவன்ரை கையை விட்டுப் போறதை ஒருக்காப் பாருங்கோ, சித்தப்பா" என்றேன். "எனக்கு அது போதும்."

அந்தப் பழைய பூசை மணியை என் மகனிடம் கொடுத்தோம்.