நான்கு பைகள் தைத்துக் கொடுத்தேன்

மகன் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போன பிறகு அவனுடைய கியர் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. தடித்த டயர், முன்னால் ஷாக் அப்சர்பர். மலையேறுகிற சைக்கிள் என்று பேர்தான், எங்கள் ஊர் மண்ணரையிலிருந்து அவன் படித்த பள்ளிக்கூடத்தைத் தாண்டி அது போனதில்லை. போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் அதை வெளியே எடுத்துத் துடைத்தார். விற்கப் போகிறார் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் ஷாக் அப்சர்பரைக் கழற்றிவிட்டு நேரான இரும்பு ஃபோர்க் மாட்டிக்கொண்டு வந்தார். பிறகு டயர் மாறியது. பிறகு பின்னால் ஒரு கேரியர். அந்த ஃப்ரேமில் கேரியர் மாட்ட ஓட்டையே கிடையாது, கிளாம்ப் வைத்து முடுக்கினார். முன் சக்கரத்துக்கும் ஒரு கேரியர் வந்தபோதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

காரணம் உண்டு. இவர் ஏழாவது படிக்கும்போது என் மாமனார் சைக்கிள் கேரியரில் டிரங்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, பழனிக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பியவர். திரும்பி வரவேயில்லை. எங்கே போனார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கல்யாணமான புதிதில் இவர் ஒரே ஒரு முறை சொன்னார். அதன் பிறகு அந்தப் பேச்சையே எங்கள் வீட்டில் எடுத்ததில்லை.

"ஏனுங்க, எதுக்குங்க இத்தன கேரியரு?" என்று கேட்டேன்.

"சும்மா, சைக்கிள்ல டூர் போலாம்னு."

"எங்கீங்க?"

"பாக்கலாம்."

பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர் அவர். துணியில் ஒரு சென்டிமீட்டர் தப்பினால் கூடச் சத்தம் போடுகிற மனிதர், இதற்கு மட்டும் பாக்கலாம் என்றார். அன்று சாயங்காலம் சார்ட் பேப்பரில் பைகளுக்குப் பேட்டர்ன் வரைந்து என் தையல் மெஷின் மேல் வைத்தார். ரெயின்கோட்டுத் துணி ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார். சேலைகளுக்கு ஃபால்ஸ் அடிக்கிற மெஷின் அது. அந்தத் துணி மடிப்பு மடிப்பாக வரும் இடத்தில் ஊசி உடைந்துகொண்டே இருந்தது. முதல் பையை மாட்டிப் பார்த்தால் மிதிக்கும்போது குதிகால் இடித்தது. கீழ் மூலையைச் சாய்வாக வெட்டித் திரும்பத் தைத்தேன். தைக்கத் தைக்க ஒரே யோசனை. ஒரு ஆளுக்கு நான்கு பை எதற்கு?

அதற்கப்புறம் எல்லாமே கண்ணில் பட்டது. அரிசி களைந்து வைக்கத் தெரியாத மனிதர் அடுப்படிக்கு வந்து ரசத்துக்கு எவ்வளவு புளி என்று கேட்டார். இவ்வளவு நாளாக என்னிடம் இருந்த தன் ஆதார் கார்டை வாங்கித் தன் பர்ஸில் வைத்துக்கொண்டார். மகனுக்கு போன் செய்தேன். "அப்பாக்கு வயசாச்சு, ஒரு ஆச தானுங்மா" என்று சிரித்தான். இவனும் கூட்டோ என்று அவன் மேலும் சந்தேகம் வந்தது.

புரட்டாசியில் ஒரு ஞாயிறு காலை நான்கு பைகளும் புடைத்திருக்கச் சைக்கிளை வெளியே தள்ளினார். "சோமனூர் வரைக்கும் போயிட்டு வந்தர்றன்," என்றார். சோமனூருக்கு எதற்கு நான்கு பை? அவர் தெரு முனை திரும்பியதும் என் ஸ்கூட்டியை எடுத்தேன்.

பின்னாலேயே மெதுவாகப் போனேன். வேறெங்கும் திரும்பாமல், நிஜமாகவே சோமனூர் வழியில்தான் போனார். ஊர் நெருங்கும்போது ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தினார். டீ சொல்ல அவர் உள்ளே போனதும் போய் ஒரு பையைத் திறந்தேன். பழைய பனியனில் சுற்றிய செங்கல். அடுத்ததிலும் செங்கல்.

நிமிர்ந்தால் எதிரே நிற்கிறார்.

"வெயிட் ஏத்துனா முன்னால ஆடுதா இல்லையான்னு பாத்தன்," என்றார். கோபப்படவில்லை. இன்னொரு டீ சொன்னார்.

கடைப் பெஞ்சில் உட்கார்ந்ததும் அடக்கி வைத்திருந்தது வாய்க்கு வந்துவிட்டது. "உங்கப்பனாட்டப் போறதுக்குத்தானுங்களா இதெல்லாம்?"

"போறவன் உன்கிட்டயே பை தெச்சு வாங்குவானா?"

"உங்கப்பா உங்கம்மாகிட்ட வழிக்குத் திங்க முறுக்குச் சுட்டு வாங்கீட்டுத்தான போனாரு. நீங்கதான சொன்னீங்க."

டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "எப்பவாச்சும் கம்பெனிக்குப் போறப்ப, இப்படியே நேராப் போயர்லாம்னு தோணும். எல்லாருக்கும் தோணுமா, எங்கப்பனோட ரத்தமான்னு தெரியல. ஒருக்கா கன்னியாகுமரி வரைக்கும் போயிப் பாக்கோணும். திரும்பி வர்ற ஆளுதானா நானுன்னு எனக்கே சந்தேகமா இருக்குது."

எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. இவ்வளவு நாளும் நான் மட்டும்தான் இவரைச் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்திருந்தேன். "போயிட்டு வாங்க. போன்ல லொகேசன் போட்டுட்டுப் போங்க," என்றேன்.

தீபாவளி லீவில், கம்பெனிகள் மூடி ஊரே காலியாகிக் கிடந்த காலையில் கிளம்பினார். லொகேசனைப் பார்த்தபடி இருந்தேன். புள்ளி மதுரை தாண்டியது. ஒரு மத்தியானம் கோவில்பட்டியில் நின்ற புள்ளி நகரவேயில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு பாத்திரத்தைக் கழுவப் போனேன். பொழுது சாயப் போகும்போது அவரே கூப்பிட்டார். கேரியர் கிளாம்ப் உடைந்து பின் பைகள் ரோட்டில் விழுந்துவிட்டதாம். கயிற்றைப் போட்டுக் கட்டிக்கொண்டு அங்கிருந்தே வீட்டுக்குத் திரும்புகிறேன் என்றார்.

முகம் கருத்து, உதடு வெடித்து வந்து சேர்ந்தார். அந்த வாரத்திலேயே கேரியரை ஃப்ரேமோடு பற்ற வைக்க வெல்டிங் பட்டறைக்குப் போனார். நானும் கூடப் போனேன். உடைந்த கிளாம்ப்பைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். தானாக உடைந்ததா, திரும்பி வருவதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்ததா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தை மாதம் மறுபடி கிளம்புவதாகச் சொல்லியிருக்கிறார்.