பதினோராவது வண்டி

ஷார்ஜாவில் கார் விற்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தமிழ் ஆட்கள் வண்டி வாங்குவதென்றால் பெர்லினைத்தான் தேடி வருவார்கள். குளச்சல்காரன், வயது முப்பத்தாறு, பொய் சொல்ல மாட்டான் என்று பெயர். ஜப்பான் வண்டி விற்ற ஒன்பது வருஷத்தில் வந்த பெயர் அது. அந்த வண்டி தானாகவே விற்றது. பொய் சொல்ல வேண்டிய தேவையே அவனுக்கு வரவில்லை.

பிறகு சீனக் கம்பெனிகள் வந்தன. முதலில் இரண்டு, அடுத்து ஐந்து, அப்புறம் யாரும் எண்ணவில்லை. ஜப்பான் வண்டியின் முக்கால் விலைக்கு, கூரை முழுக்கக் கண்ணாடி வைத்து, வீட்டு டிவி அளவுக்குத் திரை வைத்துக் கொடுத்தார்கள். கொரியாக்காரன் வாரண்டியை நீட்டினான். ஜப்பான்காரன் விலையில் இறங்கினான். ஒரே சாலையில் எதிரெதிரே ஷோரூம்கள் முளைத்தன. ஒன்றிலிருந்து ஒன்று ஆட்களை இழுத்தன. பெர்லினையும் ஒரு சீன வண்டியின் ஏஜென்சி கூடுதல் சம்பளம் பேசி இழுத்துக்கொண்டது. புதுக் கம்பெனி, யாருக்கும் தெரியாத பெயர். பெர்லின் சொன்னான் என்பதற்காகவே மாதா கோயிலில் பழக்கமானவர்களும் அவர்களுடைய நண்பர்களுமாகப் பத்துப் பேர் ஒன்றரை வருஷத்தில் அதை வாங்கினார்கள். பத்து விற்பனையையும் மனசாரத்தான் செய்தான். வண்டி நன்றாக ஓடும் என்று நம்பினான். ஓடவும் செய்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு வாடிக்கையாளரின் பக்கவாட்டுக் கண்ணாடி வரவில்லையே என்று கேட்கப் பார்ட்ஸ் ஸ்டோருக்குப் போனான். ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஷம்சாத். தொண்டிக்காரர், அளந்து பேசுகிறவர். இவனைப் பார்த்ததும் எழுந்து கதவைச் சாத்தினார்.

"அந்தக் கண்ணாடி வராதுப்பா. மூணு மாசமா ஆர்டரே போகல."

"ஏன் பாய்?"

"சீனாக்காரனுக்கும் நம்ம முதலாளிக்கும் ஒத்து வரல. கையில இருக்குற வண்டிய வித்துட்டுக் கலாஸ், மூடப்போறாங்க. நீ உன் வழியப் பார்த்துக்க. வெளியில மட்டும் சொல்லிறாத, என் வேலை போயிரும்."

அலமாரிகளில் பாதி காலியாக இருந்ததை அப்போதுதான் பெர்லின் கவனித்தான்.

அடுத்து வந்த வியாழக்கிழமை ரெபேக்காள் வந்தார். மணப்பாட்டுக்காரர், அஜ்மானில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். கணவர் அபுதாபிக்கு அப்பால் ரூவைஸில் வேலை செய்தார்; பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். கிளினிக்காரர்கள் வேன் விடுவதை நிறுத்திவிட்டதால், குடியிருந்த ரோலாவிலிருந்து இரண்டு பஸ் மாறி டியூட்டிக்குப் போய்க்கொண்டிருந்தார். நான்கு முறை தோற்று, ஐந்தாம் முறை லைசென்ஸ் கிடைத்திருந்தது. அதைக் கண்ணாடிக் காகித உறையோடு மேசைமேல் வைத்தார்.

"தம்பி, எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாது. நீங்க எதைச் சொல்லுதியளோ அதை எடுத்துட்டுப் போறேன்."

மாதக் கடைசி. பெர்லினின் டார்கெட்டுக்கு ஒரு வண்டி குறைந்தது. எதிர் ஷோரூமைக் கைகாட்டியிருக்கலாம். 'ரெண்டு மாசம் பொறுங்கக்கா' என்று மட்டும் சொல்லியிருந்தாலும் போதும். அதற்குள் ரெபேக்காளே கேட்டார்.

"பின்னால ஒண்ணுன்னா பார்ட்ஸெல்லாம் கிடைக்கும்லா?"

"அதெல்லாம் கிடைக்கும்க்கா. ஆறு வருஷம் வாரண்டி."

நாக்கு தடுமாறவில்லை. பிற்பாடு அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் அதுதான் அவனை உறுத்தியது. கொஞ்சமாவது தடுமாறியிருக்கலாம்.

டெலிவரி அன்று வண்டிமேல் போட்டிருந்த சிவப்புத் துணியை ரெபேக்காள் இழுக்க, பெர்லின் படம் எடுத்தான். அவன் நம்மவர்களுக்கு விற்ற பதினோராவது வண்டி அது.

ஆறு வாரத்தில் ஷோரூம் மூடிக்கொண்டது. பெர்லின் அதற்கு முன்பே அதே சாலையில், இதைவிடப் பெரிய இன்னொரு சீனக் கம்பெனிக்கு மாறியிருந்தான். பதினோரு பேரில் ஒருவரான ஸ்ரீனிவாசன், சைட் என்ஜினியர், வாங்கியவர்களை எல்லாம் சேர்த்து ஒரு வாட்ஸப் குழு தொடங்கினார். குழுவில் தன்னைத் திட்டுவார்கள் என்று பெர்லின் எதிர்பார்த்தான். நடந்தது வேறு.

"பாவம், பெர்லினையும் சேர்த்துல்ல ஏமாத்திட்டானுங்க" என்று முதல் ஆள் எழுதினார். "அவருக்கு மூணு மாசச் சம்பளம் நின்னு போச்சாம்" என்றார் இன்னொருவர். உண்மையில் ஒரு நாள் சம்பளம்கூட நிற்கவில்லை. அதை அவன் மறுத்து எழுதவில்லை. வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வரும்போது தோளில் தட்டி ஆறுதல் சொன்னார்கள். உள்ளே இருந்தவன், வழி தெரிந்தவன் என்று அவனையே முன்னால் நிறுத்தி முதலாளிக்கு மனு எழுதினார்கள். மனுவில் ‘நாங்கள் அனைவரும் அறியாமல்’ என்று ஒரு வரி இருந்தது. பெர்லினும் கீழே கையெழுத்துப் போட்டான்.

ஜூன் மாதம், நிறுத்தியிருந்த ரெபேக்காளின் வண்டிமேல் ஒரு பிக்கப் ரிவர்ஸில் வந்து இடித்தது. இடது ஹெட்லைட் நொறுங்கியது. வேறு சேதமில்லை. இன்சூரன்ஸ்காரன் சரி என்றான். கராஜ்காரன் அந்த லைட் இந்த நாட்டிலேயே இல்லை என்று கையை விரித்தான். லைட் இல்லாத வண்டியை ரோட்டில் எடுக்க முடியாது. அது கராஜிலேயே தூசி ஏறிக் கிடந்தது. வங்கித் தவணை மட்டும் நிற்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு மதியம் பெர்லின் ரோலா வழியாக வண்டியில் வந்துகொண்டிருந்தான். சிக்னலில் நின்றபோது பஸ் நிறுத்தத்தில் ரெபேக்காளைப் பார்த்தான். நிழல் கிடைத்த ஒரு முழம் இடத்தில் சுவரோடு ஒட்டி நின்றார். யூனிஃபார்ம் முதுகோடு நனைந்திருந்தது. கண்ணாடியை இறக்கிக் கூப்பிட்டால் கேட்கும் தூரம். பெர்லின் ஏசியின் காற்றைத் திருப்புவதுபோலக் குனிந்துகொண்டான். பச்சை விழுந்ததும் போய்விட்டான். அன்று முழுக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அக்டோபரில் ரெபேக்காளே அவனுடைய புது ஷோரூமுக்கு வந்தார். கோபமாக வந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். அவர் சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்த வண்டிய வந்த விலைக்குத் தள்ளிரலாம்னு அவுக சொல்லிட்டாவ. வேற ஒண்ணு பார்க்கணும் தம்பி. உங்களையும்தான் அவனுவ ஏமாத்துனானுவ, நீங்க என்ன செய்வீங்க? இப்ப நல்லதா ஒண்ணு நீங்களே சொல்லுங்க."

பெர்லின் மேசைமேல் இருந்த விலைப்பட்டியலை மூடினான்.

"அக்கா, என்னை யாரும் ஏமாத்தல."

"என்ன சொல்லுதிய?"

"நீங்க வந்தப்பவே எனக்குத் தெரியும். கம்பெனி மூடப்போறாங்க, பார்ட்ஸ் வராதுன்னு ரெண்டு நாளைக்கு முன்னாலயே தெரியும். தெரிஞ்சேதான் வித்தேன்."

பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் நிறம் பற்றி வாக்குவாதம் செய்துகொண்டிருந்தது.

"மத்தவங்களுக்கு விக்கிறப்பவும் தெரியுமா?"

"இல்லக்கா. அவங்களுக்கு வித்தப்ப சத்தியமா தெரியாது."

அதைச் சொன்னால் குற்றம் கொஞ்சம் குறையும் என்று நினைத்திருந்தான்.

"அப்ப என்னைய மட்டும்தான் ஏமாத்தினியளோ" என்றார் ரெபேக்காள். குரல் உயரவில்லை. "பத்துப் பேருக்கு நேர்மையா இருந்துட்டு, எங்கிட்ட வந்ததும் உங்களுக்கு முடியாமப் போச்சு. நான்தான் ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னேன்லா, அதனாலயா?"

பெர்லினுக்கு டார்கெட் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இவ்வளவு நாள் உங்களுக்காக மாதாகிட்ட வேற வேண்டியிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் குழுவில் எல்லாவற்றையும் எழுதுவதென்று போனை எடுத்தான். நான்கு முறை எழுதி நான்கு முறையும் அழித்தான். மறுநாள் ஷம்சாத்துக்குப் போன் செய்தான். அவர் இப்போது துபாய் தேராவில் வேறொரு பார்ட்ஸ் கடையில் இருந்தார். அதே வண்டி மஸ்கட்டில் வேறு ஏஜென்சி மூலம் இன்னும் விற்பனையில் இருக்கிறது என்று அவர்தான் சொன்னார். பெர்லின் லீவு போட்டுவிட்டு மஸ்கட்டுக்கு பஸ் ஏறினான். இரண்டு நாள் அலைந்து லைட்டை வாங்கி, திரும்பும்போது உடைந்துவிடக் கூடாதென்று வழியெல்லாம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து, கராஜில் கொடுத்தான். தன் பெயரைச் சொல்லவேண்டாம் என்றான். கராஜ்காரன் சொல்லிவிட்டான். இரண்டு நாளில் லைட்டின் விலை ரெபேக்காளிடமிருந்து பெர்லினின் கணக்குக்கு வந்து சேர்ந்தது, பஸ் கட்டணத்தையும் சேர்த்து. ஒரு வார்த்தைகூட உடன் வரவில்லை.

குழுவில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ரெபேக்காள் சொல்லவே இல்லை. மஸ்கட் போன செய்தி மட்டும் எப்படியோ பரவி, "பெர்லின் மாதிரி ஆளு கிடைக்காது" என்று ஸ்ரீனிவாசன் எழுதினார். கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன. பெர்லின் போனைக் கவிழ்த்து வைத்தான்.

வீட்டிலும் அவன் சொல்லியிருக்கவில்லை. மகன் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விழா நெருங்கியபோது மனைவி டெல்சி அழைக்க வேண்டியவர்களின் பட்டியல் போட்டாள்.

"ரெபேக்காக்காவ நீங்களே கூப்பிட்டுருங்க. உங்க மேல அவங்களுக்குத் தனிப் பிரியம்."

அடுப்படியில் நின்றபடியே பெர்லின் எல்லாவற்றையும் சொன்னான். முடிந்ததும் டெல்சி ஈரக் கையைத் துடைத்தாள்.

"பத்து மாசமா பூசை முடிஞ்சு அவங்க கையப் பிடிச்சு, 'எங்களையும் ஏமாத்திட்டாங்கக்கா'ன்னு சொல்லிக்கிட்டிருந்திருக்கேன். என்னையும் பொய்க்காரி ஆக்கிட்டீங்களே" என்றாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரெபேக்காளிடம் முக்கால் மணி நேரம் பேசினாள். என்ன பேசினார்கள் என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ரெபேக்காள் விழாவுக்கு வந்தார். பையனின் நெற்றியில் சிலுவை போட்டு, ஒரு ஜெபமாலை கொடுத்தார். டெல்சியோடு உட்கார்ந்து சாப்பிட்டார். குழு ஆட்கள் பெர்லினைச் சூழ்ந்துகொண்டு புது மாடல்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களை விட்டு விலக வழி தேடியவன் தட்டுகளை எடுக்கக் கிளம்பினான். வீட்டுக்குப் புறப்படும்போது ரெபேக்காள் அவனைக் கடந்து போகவேண்டியிருந்தது. நின்றார்.

"சாப்பிட்டியளா?"

விருந்து வீட்டில் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

"சாப்பிட்டேன்க்கா" என்றான் பெர்லின். காலையிலிருந்து அவன் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.